செயின்சா எங்கே காற்று இழுக்கிறது?

அறுத்து முடித்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டீர்கள். சத்தம் சட்டென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை. இரண்டு மூன்று நொடி மேலேயே தொங்கிவிட்டு மெதுவாக இறங்குகிறது. இறங்கிய வேகத்தில் தானாகவே மறுபடி ஏறுகிறது. கை வைக்காமலே செயின் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டதும் நம்மில் பாதிப் பேர் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து கார்புரேட்டரைத் திருக ஆரம்பித்துவிடுவோம்.

நானும் அதைத்தான் செய்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி தோப்புகளில் தென்னையைக் கோரைப்புல் மாதிரி சாய்த்துப் போட்டிருந்த நேரம். மரம் அறுக்கும் மிஷினுக்கு ஊரெல்லாம் அடிதடி. எனக்குக் கிடைத்தது யாரோ ஓட்டிக் களைத்த ஒரு 58 சிசி மிஷின். ஐடிலிங் (ஆக்சிலேட்டரை விட்டபின் சும்மா ஓடும் வேகம்) ஏறி இறங்கியது. ஒரு கடையில் காட்டினேன். ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திறந்துவிட்டு, "இப்போ சரி, ஓட்டுங்க" என்றார்கள். மறுநாள் நானே இன்னொரு கால் சுற்றுத் திறந்தேன். ஐந்தாம் நாள் பாதி அறுப்பில் நின்றது. ஸ்டார்ட்டர் கயிறு அசையவே இல்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டுவிட்டது. பிரித்துப் பார்த்தால், கார்புரேட்டருக்குப் பின்னால் இருக்கும் ரப்பரில் நகக்கண் நீளத்துக்கு ஒரு கீறல். அவ்வளவுதான் வியாதி. ஸ்க்ரூவைத் திருகித் திருகி அந்தக் கீறலை நாங்கள் மூடி மறைத்திருக்கிறோம்.

ஆகவே புதிதாக மிஷின் வைத்திருப்பவர்களுக்கும், ரிப்பேர் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் நான் சொல்வது இது: ஐடிலிங் நிலையில்லாமல் ஆடினால், எங்கும் காற்று இழுக்கவில்லை என்று உறுதியாகத் தெரியும்வரை கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

காற்று உள்ளே போனால் என்ன?

செயின்சா இன்ஜின் டூ ஸ்ட்ரோக். பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க்கேஸில் (பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் அறை) வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டுப் பாதை வழியாக மேலே சிலிண்டருக்குப் போகும். அதாவது கிராங்க்கேஸே ஒரு பம்பு. 12,000 ஆர்பிஎம்மில் ஓடும் மிஷினில் இந்த இழுப்பும் தள்ளலும் நொடிக்கு 200 தடவை நடக்கிறது.

இந்தப் பம்பில் எங்காவது ஓட்டை இருந்தால், இழுக்கும்போது அங்கேயும் காற்று நுழையும். அந்தக் காற்றோடு பெட்ரோல் வராது. பெட்ரோலில்தான் 2டி ஆயில் இருக்கிறது (50:1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி), அதனால் ஆயிலும் குறையும். கலவை மெலியும், சூடு ஏறும், மசகு குறையும். மூன்றும் சேர்ந்தால் பிஸ்டன் சுவரை உரசிப் பிடித்துக்கொள்ளும். ஐடிலிங்கில் கார்புரேட்டரின் பட்டாம்பூச்சி வால்வு கிட்டத்தட்ட மூடியே இருக்கும், உள்ளே போகிற காற்று மிகக் குறைவு. அங்கே ஊசித் துளை லீக்கும் பெரிய பங்காகிவிடும். அதனால்தான் நோய் முதலில் ஐடிலிங்கில் தலைகாட்டுகிறது.

முதலில் காது, அப்புறம் கை

பாரையும் (செயின் ஓடும் நீளத் தகடு) செயினையும் கழற்றிவிட்டு கவரை மட்டும் திரும்ப மாட்டுங்கள். செயின் பிரேக்கைப் போட்டுக்கொண்டு சோதித்தால் என்ன என்று கேட்கலாம். ஐடிலிங் ஏறி கிளட்ச் பிடித்தால், பிரேக்கோடு மல்லுக்கட்டி கிளட்ச் கருகும். செயின் இல்லாத மிஷினை ஐடிலிங்கிலேயே வைத்திருங்கள், முறுக்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் சூடாகட்டும். பல லீக்குகள் குளிர்ந்த மிஷினில் தெரியாது. இப்போது மிஷினைக் கையில் பிடித்து மெதுவாக இடப்பக்கம் சாயுங்கள், வலப்பக்கம் சாயுங்கள், முன்பக்கத்தைத் தாழ்த்துங்கள். ஒரு பக்கம் சாய்த்தால் மட்டும் வேகம் ஏறுகிறது அல்லது அணைகிறது என்றால், கிராங்க்ஷாஃப்டின் ஆயில் சீல் (ஷாஃப்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) மேல் சந்தேகம் போகலாம். பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடும்போதும் இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. செயின்சாவில் இன்ஜின் ஒரு பக்கம், கைப்பிடியும் டேங்கும் இன்னொரு பக்கம். நடுவே அதிர்வு தாங்கும் ரப்பர்கள் அல்லது ஸ்பிரிங்குகள். பல மாடல்களில் கார்புரேட்டர் கைப்பிடிப் பக்கம் உட்கார்ந்திருக்கும், சிலிண்டர் இன்ஜின் பக்கம். இரண்டையும் இணைப்பது இன்டேக் ரப்பர் மட்டும்தான். மிஷினைத் தரையில் வைத்து முன்கைப்பிடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பின்கைப்பிடியை மேலே கீழே, இடம் வலம் லேசாக நெருக்குங்கள். நெருக்கும்போது சத்தம் மாறினால் அந்த ரப்பரில் கீறல் இருக்க நிறைய வாய்ப்பு. சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டு, மரத்தில் வைத்து அழுத்தும்போது மட்டும் வாய் திறக்கும் கீறல் அது. என் மிஷினில் இருந்ததும் அதேதான். மேசையில் வைத்துப் பார்த்த கடைக்காரர் கண்ணில் அது படாததில் ஆச்சரியம் இல்லை.

சோதனையின்போது வேகம் கட்டுக்கு மீறி ஏறினால், சுவிட்சை அணைத்தும் நிற்கவில்லை என்றால், சோக்கை இழுத்துவிடுங்கள். பெட்ரோல் மிகுந்து அணைந்துவிடும்.

செலவில்லாத சந்தேகங்களைத் தீர்த்துவிடுங்கள்

கலவை மெலிவதற்குக் காற்று லீக் மட்டும் காரணம் இல்லை. பெட்ரோல் சரியாக வராவிட்டாலும் அதே சத்தம்தான். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரை ஒரு கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள். கருத்துக் கெட்டியாகியிருந்தால் மாற்றுங்கள். பெட்ரோல் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள், டேங்குச் சுவரைத் தாண்டும் இடத்தில்தான் பெரும்பாலும் வெடித்திருக்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் 20 சதவீதம் வரை கலந்த பெட்ரோல். பழைய மிஷின்களின் ரப்பர் இதில் ஊறிக் கெட்டுப்போவதுண்டு. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து வைப்பது நல்லது.

டேங்க் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால், பத்து நிமிடம் ஓடி மெலிந்து நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். அதுவே அடையாளம்.

அப்புறம் சைலன்சரைக் கழற்றி எக்சாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பளபளவென்று வழவழப்பாக இருந்தால் நிம்மதி. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சிராய்த்திருந்தால் சேதம் தொடங்கிவிட்டது. லீக்கைக் கண்டுபிடித்தாலும் சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும்.

ஓடும் மிஷினைச் சுற்றி கார்ப் கிளீனர் அடித்து, வேகம் மாறும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை ஒன்று உண்டு. பைக், கார் மெக்கானிக்குகள் செய்வார்கள். செயின்சாவில் எனக்கு அதில் உடன்பாடில்லை. சைலன்சர் ஒரு சாண் தூரத்தில் பழுக்கக் காய்ந்திருக்கிறது, சுற்றிலும் ஆயிலில் ஊறிய மரத்தூள். மேலும் லீக்காகும் இடங்களில் பாதி, மேக்னெட்டுக்கும் (காந்தம் பதித்த சுழல் சக்கரம்) கிளட்சுக்கும் பின்னால் ஒளிந்திருக்கின்றன. ஸ்ப்ரே அங்கே சரியாகப் போய்ச் சேராது.

பஞ்சர் கடை முறை

சரி, இப்போது நிஜமான சோதனை. பஞ்சர் கடையில் ட்யூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பார்களே, அதேதான். இன்ஜினின் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றடித்து, முள் இறங்குகிறதா என்று பார்க்கிறோம். பிறகு காற்றை உறிஞ்சி, அப்போதும் நிற்கிறதா என்று பார்க்கிறோம்.

வேண்டியவை: கையால் அடிக்கும் சின்னப் பம்பு, மீட்டர், பழைய சைக்கிள் ட்யூப் ஒரு துண்டு, சோப்புத் தண்ணீர், பெயின்ட் பிரஷ். பிரேக் ஆயில் காற்றெடுக்கப் பயன்படும் கைப்பம்பில் இரண்டு பக்கமும் வேலை செய்யும் வகை ஒன்று உண்டு, காற்றும் அடிக்கும், உறிஞ்சவும் செய்யும். அது இருந்தால் ராஜா. இல்லையென்றால் பிபி பார்க்கும் கருவியின் பல்பும் மீட்டரும் போதும். கைத்துணியைக் கழற்றிவிட்டு ஹோஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மீட்டரின் உச்சமான 300 என்பது 0.4 பார் (இந்தப் பார் அழுத்தத்தின் அலகு). அழுத்தச் சோதனைக்கு அது ஏறக்குறைய சரியான அளவு. உறிஞ்சும் சோதனைக்கு மட்டும் அது உதவாது.

எக்சாஸ்டை அடைப்பது எளிது. சைலன்சரைக் கழற்றி, ட்யூப் துண்டை அந்த இடத்தில் வைத்து, அதன்மேல் சைலன்சரை மறுபடி மாட்டி போல்ட்டை முறுக்குங்கள். இன்டேக்கிலும் அதே மாதிரி, கார்புரேட்டருக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு ட்யூப் துண்டை வைத்து நட்டை முறுக்கலாம். ஸ்பார்க் பிளக் இருந்த இடத்திலேயே இறுக்கமாக இருக்கட்டும். பெரிய மிஷின்களில் ஸ்டார்ட்டிங் சுலபமாக இருக்க அழுத்தம் குறைக்கும் ஒரு பட்டன் இருக்கும். அது அழுந்தாத நிலையில் இருக்க வேண்டும்.

காற்றை எங்கே அடிப்பது? கார்புரேட்டரின் பெட்ரோல் பம்பை இயக்குவதற்கு கிராங்க்கேஸிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் போகும். பல்ஸ் ட்யூப் என்போம். தனி ஹோஸாக இருக்கும் மாடல்களில் அதை கார்புரேட்டர் முனையில் கழற்றிப் பம்போடு இணைத்துவிடலாம், காற்று நேராகக் கிராங்க்கேஸுக்குப் போகும். தனி ஹோஸ் இல்லாமல் ரப்பரின் தட்டையிலேயே துளையாக இருந்தால், இன்டேக்கை ட்யூப் துண்டுக்குப் பதில் ஒரு தகட்டால் அடைத்து, அந்தத் தகட்டில் ஒரு மூக்கு (குழாய் முனை) பற்றவைத்து அந்தத் துளைக்கு நேராக வரும்படி செய்துகொள்ள வேண்டும்.

பிளக் துளை வழியாகவும் அடிக்கலாம்தான். ஆனால் புதியவர்கள் ஏமாறும் இடம் இதுவே. பிஸ்டன் கீழே இருந்தால்தான் மேலறைக்கும் கிராங்க்கேஸுக்கும் வழி திறக்கும். அதே பிஸ்டன் கீழே இருக்கும்போது, சாதாரண மிஷின்களில் அதன் பாவாடை (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) இன்டேக் துளையை மூடிவிடும். ஆக, இன்டேக் ரப்பர் கிழிந்தே இருந்தாலும் முள் அசையாமல் நிற்கும். "லீக் இல்லை" என்று நம்பி மூடிவிடுவீர்கள். பல்ஸ் ட்யூப் வழியாக அடித்து, பிஸ்டனை மேலே கொண்டுபோய் ஒரு தடவை, கீழே கொண்டுவந்து ஒரு தடவை பார்த்தால் இந்த ஏமாற்றம் இல்லை. மேலே இருக்கும்போது இன்டேக் பக்கம் சோதனைக்கு வருகிறது.

இப்போது மெதுவாக 0.5 பார் வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், சீலையே வெளியே தள்ளிவிடும். 20 நொடி எண்ணுங்கள். முள் அப்படியே நின்றால் இந்தச் சோதனையில் பாஸ். இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தடவுங்கள். முதலில் தடவ வேண்டியது நீங்கள் அடைத்த இடங்களில்! முதல் குமிழி பத்துக்கு எட்டுத் தடவை நாம் வைத்த ட்யூபிலிருந்துதான் வரும். அதைச் சரிசெய்துகொண்டு அப்புறம் பிளக் வாஷர், சிலிண்டரின் அடி, இன்டேக் ரப்பர், பல்ஸ் ட்யூப், கிராங்க்கேஸ் இணைப்புக் கோடு என்று வரிசையாக வாருங்கள். கைப்பிடியை நெருக்கிக்கொண்டே ரப்பரைப் பாருங்கள். என்னுடையதில் குமிழி வரிசையாக வந்தது நெருக்கியபோதுதான். கிளட்ச் பக்கம் மரத்தூளும் செயின் ஆயிலும் கலந்து களிம்பாக அப்பியிருக்கும். சுரண்டித் துடைக்காமல் அங்கே குமிழி பார்க்க முடியாது.

உறிஞ்சிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்

முள் நின்றுவிட்டது என்று பாதிப் பேர் இங்கேயே முடித்துக்கொள்வார்கள். தப்பு. ஆயில் சீலின் உதடு உள்நோக்கி இருக்கிறது. உள்ளே காற்றடித்தால் அந்த அழுத்தமே உதட்டை ஷாஃப்டோடு சேர்த்து அமுக்கும். தேய்ந்த சீல்கூட நல்ல பிள்ளையாக நடிக்கும். உறிஞ்சும்போது உதடு ஷாஃப்டை விட்டு விலகும், அப்போதுதான் குட்டு வெளிப்படும். மிஷின் ஓடும்போது காற்று நுழைவதும் உறிஞ்சும் நேரத்தில்தானே.

பம்பை மாற்றி 0.5 பார் வெற்றிடம் வரை உறிஞ்சுங்கள். செயின்சா தயாரிக்கும் ஸ்டில் நிறுவனத்தின் ஒர்க்‌ஷாப் கையேடுகள் சொல்லும் கணக்கு இது: 20 நொடியில் 0.3 பாருக்குக் கீழே போகாமல் நின்றால் சீல்கள் நன்றாக இருக்கின்றன. மேக்னெட்டைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே பாருங்கள். ஷாஃப்டில் ஒரு இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருந்தால், அந்த இடம் உதட்டைக் கடக்கும்போது முள் துள்ளும்.

இந்தச் சோதனையில் சோப்புத் தண்ணீர் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். கெட்டியான கிரீஸைச் சந்தேகமுள்ள இடத்தில் அப்புங்கள். அப்பியதும் முள் நின்றால் ஆள் அகப்பட்டான்.

அழுத்தத்தில் பாஸ், வெற்றிடத்தில் ஃபெயில் என்றால் பெரும்பாலும் சீல். இரண்டிலும் ஃபெயில் என்றால் ரப்பர், பேக்கிங், அல்லது இறுக்கம் விட்ட போல்ட். இரண்டிலும் பாஸ், ஆனாலும் ஐடிலிங் ஆடுகிறதா? கார்புரேட்டரின் பட்டாம்பூச்சித் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். அது தேய்ந்து லொடலொடவென்று இருந்தால் அதன் ஓரமாகவும் காற்று போகும். கார்புரேட்டருக்கும் ரப்பருக்கும் இடையிலான சேர்க்கையும் நம் ட்யூப் துண்டால் சோதனைக்குத் தப்பிய இடம்தான், கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்வது

ரப்பரோ பல்ஸ் ட்யூபோ என்றால் புதிது வாங்கி மாட்டுங்கள். ஒட்டாதீர்கள். பசை பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. சிலிண்டர் அடியில் குமிழி வந்தால், பிரிப்பதற்கு முன் நான்கு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி மறுபடி சோதியுங்கள். பல நேரம் அதுவே போதும். ஸ்டில்லின் எம்எஸ் 180 மாதிரியான சின்ன மிஷின்களில் அடிப் பேக்கிங்கே கிடையாது. சிலிண்டரும் அடித்தட்டும் சீலன்ட் பூசிச் சேர்க்கப்பட்டவை. அங்கே லீக் என்றால் பிரித்து, பழையதைச் சுத்தமாகத் துடைத்து, பெட்ரோல் தாங்கும் சீலன்டை மெல்லிய கோடாகப் பூச வேண்டும். பாத்ரூம் சிலிக்கான் பெட்ரோலில் ஊதிப் பிய்ந்துவிடும்.

சீல் மாற்றுவது கொஞ்சம் பொறுமையான வேலை. கிளட்சைக் கழற்ற பிஸ்டனை நிறுத்தி வைக்க வேண்டும். பிளக் துளை வழியாக ஸ்டார்ட்டர் கயிறு மாதிரியான மெல்லிய கயிற்றை ஒன்றிரண்டு முழம் நுழைத்து, ஒரு முனையை வெளியே விட்டு, பிஸ்டனை அதன்மேல் ஏற்றி நிறுத்துங்கள். இரும்புக் கம்பி விட்டால் பிஸ்டன் தலையில் பள்ளம் விழும். எக்சாஸ்ட் துளை பிஸ்டனால் மூடிய பிறகே கயிற்றை விடுங்கள், இல்லையென்றால் கயிறு துளைக்குள் மாட்டிக்கொள்ளும். கிளட்ச் மரை பெரும்பாலும் இடப்புரி; கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை மறந்து எதிர்ப்பக்கம் ஏறி மிதித்து மரையைத் தின்றவர்கள் உண்டு. மேக்னெட் பக்கத்து நட்டு வழக்கமான மரைதான்.

பழைய சீலின் முகத்தில் ஒரு மெல்லிய ஸ்க்ரூவை ஏற்றி, அதைக் கட்டிங் பிளேயரால் பிடித்து நேராக இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஷாஃப்டில் கீறல் விழும், அப்புறம் எந்தச் சீல் போட்டாலும் லீக்தான். ஷாஃப்டின் மரைமேல் ஒரு சுற்று செலோடேப் ஒட்டி, சீல் உதட்டில் ஒரு சொட்டு 2டி ஆயில் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே போகும்படி வைத்து, சீலின் வெளிவட்டத்துக்குப் பொருந்தும் சாக்கெட்டால் மெல்லத் தட்டுங்கள். பழையது எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். ஒரு பக்கம் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுவதே என் பழக்கம். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியானால் பேரிங் போய்விட்டது, புது சீல் ஒரு மாதம்கூடத் தாங்காது.

மூடுவதற்கு முன்

இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு லீக்கைக் கண்டுபிடிப்பதைவிட இப்போது ஐந்து நிமிடம் செலவழிப்பது லாபம். அடைப்புக்கு வைத்த ட்யூப் துண்டுகளை எடுக்க மறந்துவிடாதீர்கள். ஒருமுறை எக்சாஸ்ட் ட்யூபை உள்ளேயே விட்டுவிட்டு அரை மணி நேரம் கயிறு இழுத்திருக்கிறேன்.

இனி கார்புரேட்டர். லீக்கோடு ஓடிய நாட்களில் யாரெல்லாம் எவ்வளவு திருகினார்களோ தெரியாது. எல் (குறைந்த வேகத்துக்கு), ஹெச் (முழு வேகத்துக்கு) இரண்டு ஸ்க்ரூவையும் மெல்ல மூடி, பல மாடல்களுக்குப் பொதுவான ஒரு சுற்றுத் திறப்பில் வைத்து ஆரம்பியுங்கள். உங்கள் மாடல் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பாரையும் செயினையும் மாட்டிய பிறகே டியூன் செய்யுங்கள். ஐடிலிங் 2,500 முதல் 3,000 ஆர்பிஎம் வாக்கில், செயின் சுற்றாமல் நிற்க வேண்டும். முழு வேகத்தில் சுமையில்லாமல் பிடித்தால் சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து தெளிய வேண்டும். சுமையில்லாமலே கிறீச்சென்று தெளிவாகக் கத்தினால் ஹெச் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

ஒரு டேங்க் ஓடி ஆறியதும் கார்புரேட்டர் நட்டு, சைலன்சர் போல்ட் இரண்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபித்தூள் நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக வெளிறியிருந்தால், மறுபடி ட்யூப் துண்டைத் தேட வேண்டியதுதான்.